பிடிக்க ஓர் இடம் விட்டு வார்ப்பது

நீராவியில் ஓடும் சிறிய ரயில் இன்ஜின் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், "இவ்வளவு பொடிப்பொடி பாகங்களை எப்படிக் கடைகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கடைவது பெரிய சிரமம் இல்லை. டூல் கூராக இருந்து, நாமும் அவசரப்படாமல் இருந்தால் லேத் தன் வேலையைச் செய்துவிடும். சிரமம் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. நேரான பக்கம் ஒன்றுகூட இல்லாத வார்ப்படத்தை லேத்தில் எங்கே பிடிப்பது, எதை வைத்து நேர் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு லேத்தின் முன்னால் நின்றுகொண்டு பதில் தேட முடியாது. மரத்தில் பேட்டர்ன், அதாவது மண்ணில் பதித்து அச்செடுக்கும் மாதிரி, செய்யும்போதே பதில் கையில் இருக்க வேண்டும். வார்ப்பதையும் கடைவதையும் ஒரே வேலையாக வைத்துத் திட்டமிடுவதுதான் என் வழக்கம். சக்கரத்தையும் சிலிண்டரையும் வைத்து அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இன்ஜினைப் பற்றி. தண்டவாள அகலம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. முழு அளவு ஸ்டாண்டர்டு கேஜ் 1435 மி.மீ. என்பதால் இது கிட்டத்தட்ட 11.3இல் ஒரு பங்கு. ஆறு சக்கரங்களும் இழுக்கும் டேங்க் இன்ஜின். முழு அளவில் 4 அடி 6 அங்குல விட்டமுள்ள சக்கரம் இங்கே 121 மி.மீ. ஆகிவிடுகிறது. 17 அங்குல விட்டமும் 24 அங்குல ஓட்டமும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட சிலிண்டர் 38க்கு 54 மி.மீ. ஆகிறது. உள்ளே நிஜமாகவே நிலக்கரி எரியும், நிஜமாகவே தண்ணீர் கொதிக்கும், பின்னால் வண்டி கோத்து ஆட்களை உட்காரவைத்து இழுக்கும். அதனால் மாடல் என்று சொன்னாலும் ஒவ்வொரு பாகமும் சுமை தாங்கியாக வேண்டும்.

சக்கரத்தையும் சிலிண்டரையும் திட உலோகத்திலிருந்தே வெட்டி எடுக்க முடியும். எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய இன்ஜின்களின் ஆரக்கால்களைப் பாருங்கள்: நடுவிலுள்ள குடத்தருகே தடித்து, வெளிவளையமான வட்டைக்குப் போகப்போக மெலிந்து, சேரும் இடங்களில் மெதுவாக வளைந்து கலந்திருக்கும். அந்த வடிவம் அழகுக்காக வந்தது இல்லை. மண்ணிலிருந்து பேட்டர்ன் உடையாமல் எழும்ப வேண்டும், உருகிய இரும்பு தடையில்லாமல் ஓட வேண்டும், ஆறும்போது மூலைகளில் விரிசல் விழக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த வளைவுகளை உண்டாக்கின. வார்த்தால் அவை தானாக வரும். வெட்டி எடுத்தால் அவற்றைப் போலி செய்ய வேண்டியிருக்கும்.

பேட்டர்ன் கணக்கைப் பார்ப்போம். உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது சுருங்கும். சாம்பல் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1 சதவீதம், அலுமினியம் 1.3 சதவீதம், செம்புக் கலவையான கன்மெட்டல் 1.5 சதவீதம். என் சக்கரத்தின் ஓடுபரப்பு 121 மி.மீ. சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காக்கும் விளிம்பான ஃபிளாஞ்சுக்கு இரண்டு பக்கமும் 3.5 சேர்த்தால் 128. கடைசலுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 134. சுருக்கத்துக்கு 1 சதவீதம் கூட்டினால் 135.3. ஆனால் மரப் பேட்டர்னை மண்ணில் திரும்பத் திரும்பப் புதைத்து எடுத்தால் மெல்லிய ஆரக்கால்கள் ஈரத்தில் உப்பி, முனை மழுங்கிவிடும். அதனால் மரத்தில் ஒரு மூலப் பேட்டர்ன் செய்து, அதிலிருந்து அலுமினியத்தில் ஒன்றை வார்த்து, அந்த அலுமினியத்தையே இரும்புச் சக்கரங்களுக்குப் பேட்டர்னாக வைத்துக்கொண்டேன். இப்போது சுருக்கம் இரண்டு முறை நடக்கிறது. மர மூலத்தின் விட்டம் 137 மி.மீ. வர வேண்டும். இந்த இரட்டைச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் மரத்தில் உளியை வைக்க வேண்டும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பேட்டர்ன் எடுப்பவர்கள் இப்போது அதிகம். நல்ல வழிதான், நானும் சிறிய பாகங்களுக்கு அப்படிச் செய்கிறேன். ஆனால் அடுக்கடுக்காகத் தெரியும் அந்தக் கோடுகளை விடக் கூடாது. ஒவ்வொரு கோட்டிலும் மண் பற்றிக்கொண்டு, பேட்டர்னை எடுக்கும்போது கூடவே பிய்ந்து வரும். பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, விரல் வழுக்கும்வரை விடக் கூடாது.

ஆரக்காலின் குறுக்குவெட்டு முட்டை வடிவம். மண் அச்சின் மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் பிரியும் கோடு அதன் நடுவே ஓட வேண்டும். அங்கிருந்து இரு பக்கமும் சரிவு இருந்தால்தான் மண் உடையாமல் பேட்டர்ன் எழும்பும். பொதுவாக 2 டிகிரி சரிவு விடுவேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரை டிகிரிதான்: வட்டையின் வெளிப்பரப்பில். அங்கேதான் லேத்தின் பிடிப்பானான சக்கின் தாடைகள் முதலில் பிடிக்கப் போகின்றன. சரிவு அதிகமாக இருந்தால் தாடைகள் ஒரு விளிம்பை மட்டுமே கடிக்கும், கட் கொடுத்ததும் சக்கரம் மெல்ல நழுவி வெளியே வரும். வட்டையின் அகலம் குறைவு என்பதால் அரை டிகிரியிலும் மண் பிய்யாமல் வந்துவிடுகிறது. கூடவே, வட்டையின் முன்பக்கம் 4 மி.மீ. அகலம் கூடுதலாக விட்டேன். அது முழுக்கப் பிடிப்பதற்கு மட்டும். கடைசியில் கடைந்து எறிந்துவிடலாம்.

ஆறு சக்கரத்துக்கும் ஒரே பேட்டர்ன் போதும் என்றாலும் எதிர் எடை ஒன்றுபோல இருக்காது. பிஸ்டனின் தள்ளலைக் கொண்டுவரும் மெயின் ராடு வந்து சேரும் நடுச் சக்கரங்களில், ராடு மாட்டும் முளையான கிராங்க் பின்னுக்கு எதிரே உள்ள பிறைவடிவ எடை பெரியது. மற்ற நான்கில் சிறியது. அந்தப் பிறையை மட்டும் தனித் துண்டாகச் செய்து, பேட்டர்னில் ஊசி வைத்து மாட்டிக் கழற்றும்படி விட்டேன்.

இரும்பை நானே உருக்குவதில்லை. அதற்கு 1300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், என் உலை அதற்கானது இல்லை. பேட்டர்னை இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அங்கே வயதான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். பேட்டர்னை வாங்கியதும் அளவு பார்க்க மாட்டார். விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்பார்:

"பொட்டி எங்க பிரியுது தம்பி? ரைசர் எங்க வைக்கட்டும்?"

"குடத்து மேலயே வைங்க மேஸ்திரி. எப்படியும் நடுவுல ஆக்சிலுக்குத் துளை போடத்தான் போறேன்."

"அப்ப சரி. சொத்தை விழுந்தாலும் துளையோட போயிடும்."

இந்த ஒரு பேச்சிலேயே முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. மெல்லிய ஆரக்கால்கள் முதலில் உறையும், தடித்த குடம் கடைசியில் உறையும். கடைசியில் உறையும் இடத்துக்குச் சுருக்கத்தை ஈடுகட்ட உலோகம் கிடைக்காவிட்டால் அங்கே குழி விழும், அல்லது உள்ளே பஞ்சுபோல் சொத்தை விழும். ரைசர் என்பது அதற்காகவே மேலே நிறுத்திவைக்கும் உருகிய உலோகத்தின் இருப்பு. அது குடத்தைவிடத் தாமதமாக உறைய வேண்டும், அப்போதுதான் பயன்.

மேஸ்திரியிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்வேன்: ஊற்றிய பெட்டியை அவசரமாகப் பிரிக்க வேண்டாம், மண்ணிலேயே ஆறட்டும் என்று. மெல்லிய ஓரங்கள் சட்டென்று குளிர்ந்தால் இரும்பிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காது. இரும்புடனேயே சேர்ந்து கார்பைடாக நின்றுவிடும். உடைத்துப் பார்த்தால் வெள்ளையாக மின்னும், அரம் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். டூலின் முனை அதில் பட்டால் போச்சு. மெதுவாக ஆறிய சாம்பல் இரும்பில் கிராஃபைட் செதில்களாக நிற்கும். கடைவதற்கு அதைவிடச் சுகமான உலோகம் எனக்குத் தெரியாது. எண்ணெய்கூட வேண்டாம், உலர்வாகவே வெட்டலாம். சுருள் வராது, கறுப்புத் தூளாகக் கொட்டும். அந்தத் தூளை மட்டும் லேத் படுகையில் விழவிடக் கூடாது. எண்ணெயோடு கலந்தால் படுகையையே அரைத்துத் தேய்த்துவிடும். நான் படுகையைத் தாளால் மூடிவிட்டுத்தான் தொடங்குவேன், மூக்குக்கு முகமூடியும் போட்டுக்கொள்வேன்.

சக்கரம் பட்டறைக்கு வந்துவிட்டது. நான்கு தாடை சக்கில், பின்பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். எதை வைத்து நேர் பார்ப்பது? வெளிப்பரப்பை வைத்து இல்லை, அது எப்படியும் கடைசலில் போய்விடும். வட்டையின் உள்விளிம்பும் ஆரக்கால்களும்தான் கடைசிவரை வார்த்தபடியே நிற்கப் போகின்றன. இன்ஜின் ஓடும்போது கண்ணில் படுவதும் அவைதான். உள்விளிம்பு ஆடாமல் சுற்றும்படி தாடைகளைச் சரிசெய்தால், முடிந்த சக்கரம் நேராகச் சுற்றுவதாகத் தெரியும். வெளிப்பரப்பை நம்பிப் பிடித்தால், கடைசல் துல்லியமாக இருந்தும் சக்கரம் கோணலாக ஆடுவதுபோலத் தெரியும்.

முதல் கட் தைரியமாக இருக்க வேண்டும். வார்ப்படத்தின் மேல்தோலில் மணல் துகள் ஒட்டியிருக்கும், தோலும் கடினமாக இருக்கும். 0.2 மி.மீ. கொடுத்துத் தயங்கித் தயங்கிப் போனால் டூலின் முனை அந்தத் தோலிலேயே உரசி மழுங்கிவிடும். ஒரு மி.மீ.க்கு மேல் இறங்கி, தோலுக்கு அடியில் நுழைந்து, உள்ளிருந்து அதை உரித்தெடுக்க வேண்டும். 121 மி.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் லேத் நிமிடத்துக்கு 50 சுற்றுக்குச் சற்று மேல் ஓடினால் போதும். வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டுக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் சக்கரம் அதிர்ந்து பாடத் தொடங்கும், பரப்பெல்லாம் அலையலையாக வரி விழும்.

பின்பக்கத்தைச் சமப்படுத்தி, அதே பிடிப்பில் ஆக்சில் துளையையும் போட்டுவிட வேண்டும். பிடிப்பை மாற்றினால் துளையும் பரப்பும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 16 மி.மீ. துளை வேண்டும். 15 மி.மீ. டிரில் போட்டு, போரிங் டூலால் 15.8 வரை கடைந்து, கடைசியில் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர். டிரில்லுக்கு அடுத்து நேராக ரீமர் போடக் கூடாது. டிரில் வார்ப்படத்துக்குள் கொஞ்சம் விலகித்தான் போகும், ரீமர் அந்த விலகலை அப்படியே பின்தொடரும். போரிங் டூல் மட்டும்தான் லேத்தின் மையத்துக்குக் கட்டுப்படும்.

ஆறுக்கும் இது முடிந்தபின், திருப்பிப் பிடித்து முன்பக்கத்தையும் குடத்தையும் முடிக்கலாம். அந்த 4 மி.மீ. பிடிமானம் இங்கே போய்விடும். அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். லேத்தில் சுழலும் தட்டான ஃபேஸ் பிளேட்டில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கி, அதை அங்கேயே 16 மி.மீ.க்குக் கடைந்து, முனையில் மரை போட்டு, அதன்மேல் சக்கரத்தை மாட்டி நட்டால் இறுக்குவேன். ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு பின் நின்று சக்கரத்தை இழுத்துச் சுற்றும், பின்னுக்கும் ஆரக்காலுக்கும் இடையில் ஒரு துண்டுத் தோல். அந்த 16 மி.மீ. துண்டை ஆறு சக்கரமும் முடியும்வரை கழற்றவே கூடாது. முரட்டுக் கடைசலை ஆறிலும் முடித்துவிட்டு, டூலைப் புதிதாகத் தீட்டி, கடைசி கட்டின்போது டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயலை ஒரே எண்ணில் நிறுத்திப் பூட்டிவிடுவேன். சக்கரம் மாறும், டூல் நகராது. ஆறும் ஒரே விட்டமாக வர வேறு நம்பகமான வழி இல்லை. 121க்குப் பதில் ஆறும் 120.9 வந்தால் ஒன்றும் ஆகாது. ஒன்று 121, இன்னொன்று 120.8 என்று வந்தால், கப்ளிங் ராடு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று தண்டவாளத்தில் சறுக்கியே ஆக வேண்டும்.

ஓடுபரப்பு உருளையாக இருக்காது, சற்றே கூம்பு. முழு அளவு ரயிலில் 20க்கு 1 என்ற சரிவு பழைய வழக்கம், ஏறத்தாழ 3 டிகிரி. டூலைத் தாங்கும் டாப் ஸ்லைடை அந்தக் கோணத்துக்குத் திருப்பினால் போதும். ஃபிளாஞ்சு தொடங்கும் மூலையில் கூர்மை விடாமல், வட்டமுனை டூலால் வளைத்துவிட வேண்டும். வளைவில் போகும்போது தண்டவாளத்தின் விளிம்பு அந்த மூலையில்தான் ஏறி இறங்கும்.

கிராங்க் பின் துளைகளுக்கு அளவு குறித்துப் போடுவது வேண்டாம். ஒரு தடித்த தகட்டில் 16 மி.மீ. முளை, அதிலிருந்து 27 மி.மீ. தள்ளி ஒரு துளை. இதை ஒவ்வொரு சக்கரத்திலும் மாட்டி, அதன் வழியாகவே டிரில்லை இறக்கினால் ஆறும் ஒன்றுபோல வரும். 27 என்பது 54 மி.மீ. ஓட்டத்தில் பாதி. அதில் துளி வித்தியாசம் இருந்தாலும் பாதகமில்லை, ஆறிலும் அதே வித்தியாசமாக இருக்க வேண்டும். ஆக்சிலில் ஏற்றும்போதும் இதே நியாயம். இடது, வலது கிராங்குகளுக்கு இடையே 90 டிகிரி என்பது விதி. அது 89.8 ஆனால் இன்ஜின் கண்டுகொள்ளாது. ஆனால் மூன்று ஆக்சிலும் அதே 89.8 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகும். அதற்கும் ஒரு தாங்கி செய்து, மூன்றையும் அதில் வைத்தே ஒட்டினேன். ஒட்டுவது என்றால் லாக்டைட் வகைப் பசைதான். அழுத்தி ஏற்றும் பொருத்தம் பழைய முறை, அதுவும் நல்ல முறை. ஆனால் பசை இறுகும்வரை கோணத்தைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே 119 மி.மீ. இருக்க வேண்டும் என்பதையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

இனி சிலிண்டர். இதை நானே உருக்கி ஊற்றினேன். உலோகம் கன்மெட்டல்: செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5. காரீயம் இருப்பதால் கடைசல் சுலபம், உறையும்போது மிஞ்சும் நுண்ணிய இடைவெளிகளையும் அது அடைத்துவிடும். நீராவி கசியாத சிலிண்டருக்கு அது முக்கியம். கூடவே, கன்மெட்டல் துருப்பிடிக்காது. இரும்பு சிலிண்டர் தேய்மானத்தில் சிறந்தது, ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளே எண்ணெய் விட்டுக் காக்க வேண்டும். அடிக்கடி ஓடும் இன்ஜின் என்றால் இரும்புக்கே நான் வாக்களிப்பேன். என்னுடையது மாதக்கணக்கில் சும்மா நிற்கும்.

பெட்டிக்குள் சிலிண்டரை எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது என்பதில் நிறைய யோசித்தேன். உருகிய உலோகத்தில் கசடும் வாயுவும் மேலே ஏறும், அடியில்தான் சுத்தமான உலோகம் நிற்கும். நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் ஸ்லைடு வால்வு உராயும் முகத்தில் ஒரு சின்னத் துளைகூட இருக்கக் கூடாது. ஆகவே அந்த முகம் கீழே, ரைசர் அதற்கு எதிரே மேல்பக்கம். நடுத் துளை வெற்றிடமாக நிற்க 32 மி.மீ. கோர் வைத்தேன், 38க்குக் கடைய ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கிடைக்கும். கோர் என்பது மணலும் சோடியம் சிலிக்கேட்டும் கலந்து, பெட்டியில் திணித்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கியது. வாயு பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். கோரின் நடுவே கம்பியால் ஒரு காற்றுவழி விட வேண்டும். சுற்றிலும் உருகிய உலோகம் சூழ்ந்தபின் கோரிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பிடிமானத்துக்கு, சிலிண்டரின் இரு முனைகளிலும் ஃபிரேமில் பொருந்தும் பக்கத்தையொட்டி இரண்டு சிறிய காதுகளைப் பேட்டர்னிலேயே சேர்த்திருந்தேன். வரைபடத்தில் அவை கிடையாது. கிளாம்பு உட்கார மட்டுமே. வேலை முடிந்ததும் அறுத்து, அரம் போட்டுவிடலாம்.

மண்ணின் பதம் கையில்தான் தெரியும். நுண்ணிய மணல், பெண்டோனைட் களிமண், கொஞ்சம் தண்ணீர். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரல் தடம் அப்படியே பதிய வேண்டும், கை நனையக் கூடாது, இரண்டாக உடைத்தால் உதிராமல் சுத்தமாக உடைய வேண்டும். தண்ணீர் கூடினால் ஆபத்து, குறைந்தால் ஓரங்கள் இடியும். இடிப்பதிலும் அளவு உண்டு: தளர்வாக விட்டால் உலோகத்தின் எடையில் அச்சு உப்பும், இறுக்கி இடித்தால் வாயு வெளியேற முடியாமல் வார்ப்படத்துக்குள் குமிழாக நிற்கும். பேட்டர்னைத் தொடும் முதல் அடுக்கு மண்ணை மட்டும் சல்லடையில் சலித்துப் போடுவேன்.

பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் ஒரு பத்தி எழுதுவார்கள், படிப்பவர்கள் தாண்டிவிடுவார்கள். தயவுசெய்து இதைத் தாண்டாதீர்கள். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. நம் இன்ஜினை ஓட்டப் போவதும் அந்த விரிவுதான். உருகிய உலோகத்துக்கு அடியில் ஈரம் அகப்பட்டால் அதே விரிவு உலோகத்தைத் தூக்கி முகத்தில் எறியும். சிமெண்ட் தரையில் வைத்து ஊற்றவே கூடாது. சிந்தினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் அதை வெடிக்கச் செய்யும். காய்ந்த மணல் படுகையின் மேல்தான் பெட்டிகள் இருக்க வேண்டும். கரண்டி, கசடு வாங்கும் கம்பி, மிச்சத்தை ஊற்றும் அச்சு எல்லாவற்றையும் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள். இடுக்கி, உலோகம் உருக்கும் உங்கள் மூசைக்கென்றே செய்ததாக இருக்கட்டும், எல்லா மூசைக்கும் பொருந்தும் இடுக்கி என்று ஒன்று இல்லை. தோல் காலணி, தோல் மேலங்கி, முழு முகக் கவசம். அப்புறம் துத்தநாகம்: அது 907 டிகிரியிலேயே கொதிக்கும், கன்மெட்டலை ஊற்றுவதோ 1100 டிகிரிக்கு மேல். வெள்ளைப் புகை கிளம்பினால் அது துத்தநாக ஆக்சைடு, சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வேலை செய்ய வேண்டும். சீக்கிரம் உருக்கி, சூடு வந்ததும் ஊற்றிவிட வேண்டும். உலையிலேயே காய்ச்சிக்கொண்டிருந்தால் துத்தநாகமும் போகும், வாயுவையும் உலோகம் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆறிய சிலிண்டர் வார்ப்படத்தில் முதல் வேலை மார்க்கிங். வெள்ளைப் பூச்சு அடித்து, கோர் விட்டுச்சென்ற துளையின் இரு முனைகளிலும் மரக்கட்டை அடைத்து, அந்தக் கட்டையின் மேல் மையம் குறிப்பேன். கோரின் மையத்தையே நம்பக் கூடாது, ஊற்றும்போது கோர் மிதந்து சற்று மேலே போயிருக்கலாம். வெளிச்சுவர், வால்வு உராயும் போர்ட் முகம், ஃபிரேமில் பொருந்தும் முகம் இம்மூன்றிலிருந்தும் அளந்து, எல்லாப் பக்கமும் உலோகம் மிஞ்சும்படி மையத்தைப் பங்கிட வேண்டும். எனக்கு இது பொறுமையான, சந்தோஷமான வேலை. சமதளத் தட்டான சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் வைத்துக் கோடு இழுக்க இழுக்க, உருவமில்லாமல் இருந்த கட்டிக்குள் ஒரு சிலிண்டர் இருப்பது தெரியவரும்.

துளை கடைய இரண்டு வழி. ஃபேஸ் பிளேட்டில் ஆங்கிள் பிளேட் வைத்து, அதில் சிலிண்டரைப் பிடித்து, எதிரே எடை கட்டிச் சுழற்றலாம். அல்லது சிலிண்டரை, லேத் படுகையில் முன்னும் பின்னும் நகரும் சேடிலின் மேல் அசையாமல் கட்டி, இரு சென்டர்களுக்கு நடுவே சுழலும் போரிங் பாரை அதன் வழியாகச் செலுத்தலாம். எனக்கு இரண்டாவது முறையில்தான் நம்பிக்கை. ஒரு முனையில் மட்டும் பிடித்த டூல், துளைக்குள் ஆழமாகப் போகப்போக வளையும். இரு முனையிலும் தாங்கப்பட்ட பார் அவ்வளவு வளையாது. 1770களில் ஜேம்ஸ் வாட்டின் இன்ஜினுக்கு இருந்த பெரிய தடையே இதுதான். 1769இல் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி தப்பாத அளவுக்கு உருண்டையான சிலிண்டரை யாராலும் கடைந்துகொடுக்க முடியவில்லை. பீரங்கி துளைப்பதில் தேர்ந்திருந்த ஜான் வில்கின்சன், சிலிண்டருக்குள் முழுக்க ஊடுருவி இரு பக்கமும் தாங்கப்பட்ட பாரை வைத்து அதைச் சாதித்தார். 50 அங்குல சிலிண்டரில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776இல் எழுதியிருக்கிறார். இன்று ஒரு சிறிய லேத்தில், அதே முறையில், அதைவிடப் பல மடங்கு துல்லியம் நமக்குக் கிடைக்கிறது. பார் சுழன்று மெல்ல முன்னேறும்போது எனக்கு அந்த மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள்.

கன்மெட்டலுக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும், சரிவு கூடாது. சரிவு இருந்தால் டூல் தானாக உலோகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். டிரில்லும் அப்படித்தான், வெட்டும் விளிம்பைக் கல்லில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் கவ்வாது. கடைசி இரண்டு மூன்று முறை அளவை ஏற்றாமல் அதே அமைப்பில் பாரை ஓட்டினால், பாரில் மிஞ்சியிருக்கும் வளைவும் விடுபட்டு, துளை முனைக்கு முனை ஒரே விட்டமாக வரும். துளை முடிந்ததும் சிலிண்டரை அவிழ்க்காமல், அதே பாரில் ஒரு டூலை மாட்டி ஒரு முனையின் முகத்தையும் சமப்படுத்திவிடுவேன். துளைக்கு நிச்சயமாகச் செங்குத்தான முகம் அது ஒன்றுதான். அங்கே பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். பிஸ்டன் ராடு வெளியே வரும் பின்மூடி அந்த முகத்தில்தான் உட்கார வேண்டும். முன்மூடி கொஞ்சம் சாய்ந்தாலும் இன்ஜின் ஓடும், பின்மூடி சாய்ந்தால் ராடு உரசித் தேயும்.

நீராவி வழிகள் துளைப்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. சிலிண்டர் முனையிலிருந்து போர்ட்டின் அடிவரை, சாய்வாக, துளைச்சுவருக்கும் போர்ட் முகத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய உலோகத்தின் வழியாக டிரில் போக வேண்டும். சிலிண்டரைச் சரியான கோணத்தில் தாங்க மரத்தில் ஓர் ஆப்பு செய்து, அதை வைஸில் வைத்துவிட்டால் எல்லாத் துளைகளும் ஒரே சாய்வில் வரும். முதலில் வெளியே, சிலிண்டரின் பக்கவாட்டில் டிரில் போகும் பாதையைப் பென்சிலால் வரைந்து பார்த்துக்கொள்வது என் பழக்கம். சிறிய டிரில், குறைந்த அழுத்தம், அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டுவது. அவ்வளவுதான் ரகசியம்.

புகைபோக்கிக்கும் இதே பிடிமானச் சிந்தனைதான். அதன் தலைப்பக்கம் ஓர் உருளை முளையைச் சேர்த்து வார்த்தால் எல்லாக் கடைசலையும் அதில் பிடித்தே முடிக்கலாம். அடிப்பகுதி மட்டும் புகைப்பெட்டியின் வளைவுக்குப் பொருந்த வேண்டும். புகைபோக்கியை கிராஸ் ஸ்லைடில் கட்டி, லேத் தலையில் அந்த ஆரத்துக்கு நீட்டிய ஒற்றை டூலைச் சுழற்றினால் வளைவு சரியாக விழும். அடியில் விரியும் பாவாடை போன்ற பகுதியை எந்த மெஷினும் செய்யாது, அது அரத்துக்கும் கண்ணுக்கும் உள்ள வேலை.

அடுத்து, வால்வை அசைக்கும் வால்வு கியருக்கான, மையம் விலகிய வட்டுகளைச் சுற்றிப் பிடிக்கும் எக்சென்ட்ரிக் பட்டைகள். ஸ்டீபன்சன் வகைக் கியர் என்பதால் இரண்டு சிலிண்டர்களுக்கும் இரண்டு வீதம் நான்கு வேண்டும். ஒவ்வொன்றையும் முழு வளையமாக வார்த்து, இரண்டாக அறுத்து, போல்ட்டால் சேர்த்து, பிறகு கடைய வேண்டும். அறுவையில் போகும் உலோகத்தையும், அறுத்த முகங்களைச் சமப்படுத்துவதில் போவதையும் பேட்டர்னிலேயே ஈடுகட்டினால்தான் சேர்த்த பிறகு வளையம் வட்டமாக நிற்கும். ஆகவே அறுக்கும் திசைக்குக் குறுக்கே 3 மி.மீ. நீட்டி, பேட்டர்ன் துளையை நீள்வட்டமாகச் செய்திருக்கிறேன். போல்ட் காதுகளின் வெளிப்பக்கத்தைத் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் விட்டிருக்கிறேன். நான்கு தாடை சக் அங்கேதான் பிடிக்கப் போகிறது.